கமா எங்கே விழ வேண்டும்? எண்ணையும் பணத்தையும் ஊருக்குத் தக்கபடி காட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு நான் பில் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். உள்ளூர் வியாபாரம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. முதல் தடவையாக ஜெர்மனியில் இருக்கும் ஒரு பார்ட்டிக்கு பில் போனது. எடை என்ற கட்டத்தில் 2.450 கிலோ என்று அச்சாகியிருந்தது. வெள்ளிக் கடைத் தராசு மூன்று தசம இடம் காட்டும், அதை அப்படியே எடுத்து வைத்திருந்தேன். மறுநாள் கடைக்காரர் போன் செய்தார்: "தம்பி, ரெண்டரை டன் கொலுசு எப்ப அனுப்பறீங்கன்னு கேக்கறாங்க. என்ன போட்டு வச்சிருக்க?"

நான் போட்டது இரண்டு கிலோ நானூற்றைம்பது கிராம். அவர்கள் படித்தது இரண்டாயிரத்து நானூற்றைம்பது கிலோ. ஜெர்மனியில் புள்ளிதான் ஆயிரத்தைப் பிரிக்கும் குறி, கமாதான் தசமக் குறி. எண்ணில் பிழை இல்லை, கணக்கிலும் பிழை இல்லை. படிப்பவர் யார் என்று என் நிரல் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எண் காட்டும் எந்த இடத்திலும் இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். இது எந்த நாட்டுப் பணம்? இதைப் படிக்கப்போவது யார்? முதல் கேள்விக்கான விடை தொகையோடு ஒட்டிக்கொண்டு போகும். இரண்டாவதற்கான விடை வாசகரோடு போகும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் பாதிக்கு மேல் சிக்கல் வருகிறது. ஜெர்மன்காரர் பக்கத்தைத் திறந்தார் என்பதற்காக ₹ போய் € வந்துவிடக் கூடாது. ₹1,25,000 கடனை €1,25,000 ஆக்கிவிட்டு, எழுத்து மட்டும்தான் மாறியது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வழிகாட்டியில் நிரல் வரிகளை ஒட்டவில்லை. பெயர்களைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன், முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் மிச்சத்தை உங்கள் எடிட்டரே நிரப்பித் தரும்.

படி 1: சேமிக்கும்போது அலங்காரம் வேண்டாம்

டேட்டாபேஸில் ₹ குறி, கமா, இடைவெளி எதுவும் இருக்கக் கூடாது. அங்கே இருக்க வேண்டியது வெறும் எண்ணும், பக்கத்தில் பணத்தின் மூன்றெழுத்துக் குறியும்தான். இந்திய ரூபாய்க்கு ஐஎன்ஆர், அமெரிக்க டாலருக்கு யுஎஸ்டி, யூரோவுக்கு இயுஆர். இவை ஐஎஸ்ஓ 4217 என்ற தரத்தில் வருபவை. டாலர் குறியை மட்டும் வைத்துக்கொண்டால் அது அமெரிக்க டாலரா, சிங்கப்பூர் டாலரா, ஆஸ்திரேலிய டாலரா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

எண்ணை எந்த வகையில் வைப்பது? தசமத்தைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் ஃப்ளோட் வகை வேண்டாம். 0.1-உடன் 0.2-ஐக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் இரண்டுமே 0.30000000000000004 என்று சொல்லும். இரண்டு அடிமானத்தில் 0.1-ஐச் சரியாக எழுத முடியாது என்பதுதான் காரணம். பணத்தை டெசிமல் வகையில் வையுங்கள், இல்லையென்றால் பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்கள். நான் வெள்ளி எடையைக்கூட மில்லிகிராமாக முழு எண்ணில்தான் வைக்கிறேன்.

பைசாவாக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. எல்லாப் பணமும் நூறு சில்லறை கொண்டதல்ல. ஜப்பானிய யென்னுக்குச் சில்லறையே இல்லை. குவைத் தினாருக்கும் பஹ்ரைன் தினாருக்கும் ஓமன் ரியாலுக்கும் ஆயிரம் சில்லறை, அதாவது தசமம் மூன்று இடம். 'எதுவாக இருந்தாலும் 100-ஆல் பெருக்கு' என்று எழுதி வைத்தால் 5,000 யென் 5,00,000 யென் ஆகிவிடும். சின்ன அலகில் தொகை கேட்கும் கட்டண வாசல்களுக்கு (பேமென்ட் கேட்வே) அனுப்பும்போது இது நிஜமாகவே காசைத் தின்னும். பெருக்கும் எண்ணை நிரலில் புதைக்காமல், பணக் குறிக்கு எதிரே எத்தனை தசமம் என்ற சிறு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: லோகேல் குறியைப் படிக்கப் பழகுங்கள்

லோகேல் என்பது மொழியும் நாடும் சேர்ந்த குறி. இந்தியத் தமிழ் டிஏ-ஐஎன், இந்திய ஆங்கிலம் இஎன்-ஐஎன், ஜெர்மனியின் ஜெர்மன் டிஇ-டிஇ. இணைய உலகில் நடுவில் சிறு கோடு போடுவார்கள். லினக்ஸ், பைத்தான் பக்கம் அடிக்கோடு வரும். மாற்றிப் போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடும்.

நாட்டுப் பகுதியை 'தமிழ்தானே, டிஏ போதும்' என்று விட்டுவிடாதீர்கள். யூனிகோட் கூட்டமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற தரவுக் களஞ்சியத்தில்தான் உலகத்து எண் வழக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. பிரவுசரும் ஆண்ட்ராய்டும் ஐபோனும் அங்கிருந்துதான் எடுக்கின்றன. அதில் இந்தியத் தமிழுக்கு 12,34,567. சிங்கப்பூர்த் தமிழுக்கும் மலேசியத் தமிழுக்கும் 1,234,567. ஒரே மொழி, ஒரே எழுத்து, கமா மட்டும் வேறிடம். ஏற்காட்டுக் காபித்தூளை சிங்கப்பூர்த் தமிழருக்கு விற்கும் தளத்தில் லட்சக் கமா போட்டால், அவர் ஒரு நொடி நின்று எண்ணிப் பார்த்துத்தான் மேலே போவார்.

12,34,567.50 என்ற ஒரே எண், அந்தந்த நாட்டுப் பணத்தில் இருந்தால், ஊர் ஊராக எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள்:

இந்தியா: ₹12,34,567.50
அமெரிக்கா: $1,234,567.50
ஜெர்மனி: 1.234.567,50 €
பிரான்ஸ்: 1 234 567,50 €
சுவிட்சர்லாந்து (எண் மட்டும்): 1’234’567.50
ஜப்பான்: ¥1,234,568

யென்னில் சில்லறை இல்லாததால் .50 மேலேறிவிட்டது. பிரான்ஸில் கமா இருக்க வேண்டிய இடத்தில் தெரிவது சாதாரண இடைவெளி அல்ல, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். யூரோ ஒன்றே ஆனாலும் ஜெர்மனியில் குறி பின்னால் வரும், அயர்லாந்தில் முன்னால் வரும். ஸ்பெயினில் நாலு இலக்க எண்ணுக்குப் பிரிப்பே கிடையாது, ஐந்து இலக்கத்திலிருந்துதான் தொடங்கும். இதையெல்லாம் 'இஃப்' போட்டு நாமே எழுதத் தொடங்கினால் ஆயுள் போதாது. அதனால்தான் அடுத்த படி.

படி 3: ஜாவாஸ்கிரிப்டில்

இன்டில் என்ற பொருளுக்குள் நம்பர்ஃபார்மேட் இருக்கிறது. இதற்கான தரம் 2012-இல் வந்தது, இன்றைக்கு இது இல்லாத பிரவுசரே இல்லை எனலாம். இதற்கு இரண்டு விஷயம் கொடுக்க வேண்டும்: முதலில் லோகேல் குறி, அடுத்து விருப்பங்கள். விருப்பங்களில் ஸ்டைல் என்பதற்கு கரன்ஸி என்றும், கரன்ஸி என்பதற்கு ஐஎன்ஆர் என்றும் கொடுத்தால், இந்தியத் தமிழுக்கு ₹12,34,567.50 என்று வந்து நிற்கும். லோகேலை ஜெர்மன் ஆக்கிப் பணத்தை ஐஎன்ஆர் என்றே விட்டால் 12.34 லட்சம் ரூபாயை ஜெர்மன் வழக்கப்படி 1.234.567,50 ₹ என்று எழுதும். தொகைக்கு ஒரு கேள்வி, வாசகருக்கு ஒரு கேள்வி என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இங்கே இரண்டு தனித்தனி விருப்பமாகவே உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு அடிக்கடி தேவைப்படும் விருப்பங்கள் சில. மினிமம், மேக்ஸிமம் ஃப்ராக்ஷன் டிஜிட்ஸ் தசம இடங்களைக் கட்டுப்படுத்தும். விலைப்பட்டியலில் சில்லறை வேண்டாம் என்றால் இரண்டுக்கும் 0. கரன்ஸி டிஸ்ப்ளே என்பதற்குக் கோட் என்று கொடுத்தால் குறிக்குப் பதில் மூன்றெழுத்து வரும், ஏற்றுமதி பில்லுக்கு எப்போதும் இதுதான். கரன்ஸி சைன் என்பதை அக்கவுன்டிங் ஆக்கினால் பல லோகேல்களில் கழித்தல் தொகை அடைப்புக்குறிக்குள் வரும். ஆடிட்டர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்.

நோட்டேஷன் என்பதற்குக் காம்பேக்ட் என்று கொடுத்தால் பெரிய எண் சுருங்கும். இந்திய ஆங்கிலத்தில் லட்சத்துக்கு எல், கோடிக்கு சிஆர் என்று குறுகி வரும். அமெரிக்க ஆங்கிலத்தில் மில்லியன் கணக்கு. ஜப்பான், சீன மொழிகளில் பத்தாயிரம்தான் அலகு. நம் ஊரில் இந்தச் சுருக்கம் வாயிலேயே இருக்கிறது. சேலம் லீ பஜார் மொத்தச் சந்தையில் யாரும் 'ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம்' என்று இழுப்பதில்லை, 'ஒன்றேகால்' என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்கள். ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று வரும் டாஷ்போர்டு ஒன்று எழுதும் ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. அதை எந்த லைப்ரரியும் தராது, கையால்தான் எழுத வேண்டும்.

டு லோகேல் ஸ்ட்ரிங் என்ற குறுக்கு வழியும் உண்டு. ஒன்றிரண்டு எண்ணுக்குச் சரி. ஆயிரம் வரிப் பட்டியலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதை அழைத்தால் பக்கம் திணறும், ஒவ்வொரு தடவையும் புது ஃபார்மேட்டரை, அதாவது எண்ணை எழுத்தாக்கும் பொருளை, கட்ட வேண்டியிருக்கிறது. ஒரு ஃபார்மேட்டரை ஒரே ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். குறுக்கு வழியில் லோகேலைக் கொடுக்காமல் விடுவது இன்னும் மோசம். அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்து விடை மாறும். என் லேப்டாப்பில் லட்சக் கமா, சர்வரில் மில்லியன் கமா என்று ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்திருக்கிறேன். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (நோட் ஜேஎஸ்) என்பதன் பழைய பதிப்புகளில் ஆங்கிலத் தரவு மட்டுமே சேர்ந்து வந்தது. 13-ஆம் பதிப்பிலிருந்துதான் முழுத் தரவும் வருகிறது. யாராவது பழைய சர்வரை ஒப்படைத்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இதை பிரவுசரிலேயே செய்வதில் இன்னொரு லாபம். ஏற்காட்டுக்கு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவிலும் சிக்னல் கூடவே வரும் என்று சொல்ல முடியாது. காபி எஸ்டேட்டில் காய் எடை போடுபவர் கையில் இருக்கும் போன், எண்ணுக்குக் கமா போட சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

படி 4: மற்ற மொழிகளில்

பைத்தானில் எஃப்-ஸ்ட்ரிங்கில் கமா போட்டால் 1,234,567 என்று மேற்கத்திய முறையில்தான் வரும். லட்சம் அதற்குத் தெரியாது. கூடவே வரும் லோகேல் மாட்யூலை நான் தொடுவதில்லை. அது முழு நிரலுக்கும் சேர்த்து ஒரே லோகேலை மாற்றும். ஒரே சர்வரில் ஒருவர் சேலத்திலிருந்தும் இன்னொருவர் பெர்லினிலிருந்தும் வந்தால் ஒருவர் பில்லில் மற்றவர் கமா விழும். அத்தோடு அந்த லோகேல் இயங்குதளத்தில் நிறுவப்பட்டிருக்கவும் வேண்டும், சின்ன டாக்கர் இமேஜில் பெரும்பாலும் இருக்காது. பேபல் என்ற லைப்ரரியை நிறுவி, அதில் ஃபார்மேட் கரன்ஸி என்ற செயற்கூறைப் பயன்படுத்துங்கள். தொகை, பணம், லோகேல் மூன்றையும் வெளிப்படையாகக் கொடுங்கள், அதுதான் நல்லது.

ஜாவாவில்தான் பலர் விழுகிறார்கள். அதன் சொந்த டெசிமல்ஃபார்மேட்டுக்கு ஒரே ஒரு தொகுப்பு அளவுதான் தெரியும். #,##,##0 என்று நீங்கள் எழுதினாலும் கடைசித் தொகுப்பின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு 1,234,567 என்றே தரும். இந்திய லோகேலைக் கொடுத்தாலும் அதே கதைதான். ஐசியூஃபோர்ஜே என்ற லைப்ரரியில் உள்ள டெசிமல்ஃபார்மேட் இரண்டாவது தொகுப்பையும் மதிக்கும்.

சி ஷார்ப்பில் வம்பில்லை. நம்பர் குரூப் சைசஸ் என்ற பண்பில் 3, 2 என்று இருக்கும், இந்திய கல்ச்சரைக் (லோகேலுக்கு அங்கே அதுதான் பெயர்) கொடுத்தால் போதும். பிஎச்பியில் நம்பர் ஃபார்மேட் என்ற பழைய செயற்கூறு மூன்று மூன்றாகத்தான் பிரிக்கும். இன்டில் நீட்டிப்பில் உள்ள நம்பர்ஃபார்மேட்டரை எடுங்கள். பழைய வழிகாட்டிகளில் வரும் மணி ஃபார்மேட் 8.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் மணி என்றே ஒரு வகை இருக்கிறது, பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சர்வரின் லோகேல் அமைப்பைப் பொறுத்து நடந்துகொள்ளும். நியூமெரிக் வகைதான் பாதுகாப்பு.

படி 5: லட்சக் கமாவைக் கையால் போடுவது

லைப்ரரி எதுவும் கிடைக்காத இடம் இன்னும் இருக்கிறது. பில் மெஷினுக்குள் ஓடும் சின்ன நிரல், பழைய அறிக்கைக் கருவி மாதிரி. அங்கே முறை இதுதான்.

கழித்தல் குறி இருந்தால் முதலில் எடுத்துத் தனியே வையுங்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் வெட்டி வையுங்கள். மீதி இருக்கும் முழு எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தைப் பிரியுங்கள். அதற்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாக இரண்டிரண்டாக வெட்டுங்கள். எல்லாவற்றையும் கமாவால் கோர்த்து, தசமத்தையும் குறியையும் திரும்ப ஒட்டுங்கள். 12345678.5 என்றால்: தசமம் 5, அதை 50 ஆக்குங்கள். கடைசி மூன்று 678. மீதி 12345, அதிலிருந்து 45, பிறகு 23, மிஞ்சுவது 1. கோர்த்தால் 1,23,45,678.50. கழித்தல் குறியை எடுக்க மறந்தால் -,12,345 மாதிரி அசிங்கம் ஒரு நாள் அச்சாகும். எனக்கு அச்சானது.

எக்செல்லில் கணினி அமைப்பை இந்தியா என்று மாற்றினால் லட்சக் கமா தானாக வரும். கோப்பை வெளியூர்க் கணினியில் திறந்தாலும் லட்சக் கமாவே வர வேண்டுமென்றால் கஸ்டம் ஃபார்மேட்டில் இதைப் போடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00

கழித்தல் எண்ணுக்கு இது வேலை செய்யாது, இரண்டு நிபந்தனைக்கு மேல் எக்செல் அனுமதிப்பதில்லை. கட்டங்களைக் கமாவால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பு எழுதும்போது எண்ணுக்குள் கமாவே போடாதீர்கள். ஒரு லட்சம் மூன்று கட்டமாகச் சிதறிவிடும்.

படி 6: ரவுண்ட் ஆஃப்

வெள்ளிக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். உள்ளூர் பில்லில் மத்திய வரி 1.5, மாநில வரி 1.5 என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு ஜோடி கொலுசின் மதிப்பு ₹18,765 என்று வையுங்கள். மொத்தமாக 3 சதவீதம் என்றால் ₹562.95. தனித்தனியாக 1.5 சதவீதம் என்றால் ஒவ்வொன்றும் ₹281.475, இரண்டு தசமத்துக்கு ஏற்றினால் ₹281.48. இரண்டையும் கூட்டினால் ₹562.96. ஒரு பைசா எங்கிருந்தோ முளைத்துவிட்டது. ஒரு பில்லில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் ஆடிட்டர் கவனிப்பார்.

என் வழி இதுதான்: பில்லில் அச்சாகும் ஒவ்வொரு வரியையும் முதலில் பைசாவுக்கு ரவுண்ட் செய்துவிட்டு, ரவுண்ட் செய்த எண்களையே கூட்டுவது. தாளில் தெரிவதைக் கால்குலேட்டரில் கூட்டினால் தாளில் உள்ள கூட்டுத்தொகை வர வேண்டும். 18,765-உடன் 562.96 சேர்ந்து 19,327.96. ரவுண்ட் ஆஃப் என்று 0.04 தனி வரியில் காட்டி, மொத்தம் ₹19,328. வரித் தொகையில் 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் ரூபாயாக ஏற்று, குறைந்தால் விட்டுவிடு என்பது 2017-ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு.

பைத்தானில் ரவுண்ட் செயற்கூறு 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும். பாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைக்குத் தள்ளும் முறை அது. கடைக்காரரிடம் இதை விளக்கிப் பயனில்லை. டெசிமல் மாட்யூலில் ரவுண்ட் ஹாஃப் அப் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 1.005-க்கு டு ஃபிக்ஸ்ட் 2 கேட்டால் 1.00 என்று வரும், 1.01 அல்ல. ஃப்ளோட் வேண்டாம் என்று முதல் படியில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபார்மேட்டர் காட்டும்போது செய்யும் ரவுண்டைக் கணக்குக்கு நம்பாதீர்கள், காட்டுவது மட்டும்தான் அதன் வேலை.

விலை விகிதம் என்பது தொகையிலிருந்து வேறுபட்டது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டுக்கு உலகச் சந்தை விலையைக் காட்டும் திரை ஒன்று செய்தேன். நியூயார்க்கில் அராபிகா விலையை ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்றுதான் சொல்வார்கள். 300 என்று வந்த எண்ணை நான் $300.00 என்று காட்டிவிட்டேன். எஸ்டேட்காரர் ஒரு நிமிஷம் பணக்காரர் ஆனார். சரியாகச் செய்தால் 300 சென்ட் என்பது 3 டாலர். ஒரு பவுண்ட் 0.45359237 கிலோ, ஆக ஒரு கிலோ $6.61. நம் ஊர்க் கணக்குப்படி 50 கிலோ மூட்டைக்கு $330.69. கிலோ விலையை ரவுண்ட் செய்துவிட்டு 50-ஆல் பெருக்கினால் 330.50 வரும். விகிதத்தைக் கடைசி வரை ரவுண்ட் செய்யாதீர்கள், எந்த அலகு என்பதையும் எண்ணோடு சேர்த்தே சேமியுங்கள்.

படி 7: தட்டச்சு செய்வதை வாங்குவது

காட்டுவதற்கு இத்தனை கருவி இருக்கிறதே, திரும்ப வாங்குவதற்கு? ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் எண்ணை எழுத்தாக்கும், எழுத்தை எண்ணாக்காது. அட்வான்ஸ் என்ற பெட்டியில் கடைப் பையன் 1,25,000 என்று கமாவோடு அடித்தான். நான் பார்ஸ் ஃப்ளோட் போட்டிருந்தேன். அது முதல் கமாவில் நின்றுவிடும், விடை 1. ஒன்றேகால் லட்சம் அட்வான்ஸ் கொடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் ஏறியது, பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. நம்பர் என்ற செயற்கூறைப் போட்டிருந்தால் 'எண் அல்ல' என்றாவது திருப்பியிருக்கும், அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சரியான வழி: அந்த லோகேலின் பிரிப்புக் குறி எது, தசமக் குறி எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஃபார்மேட் டு பார்ட்ஸ் என்ற செயற்கூறுக்கு 12345.6 மாதிரி ஒரு எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு துண்டும் என்ன வகை என்று சொல்லிவிடும். அடித்த எழுத்திலிருந்து பிரிப்புக் குறியை நீக்கி, தசமக் குறியைப் புள்ளியாக்கி, மிச்சம் இலக்கமும் ஒரே ஒரு புள்ளியும் மட்டும்தானா என்று சோதித்த பிறகே எண்ணாக்குங்கள். வேறு ஏதாவது இருந்தால் ஊகிக்காமல் திருப்பிக் கேளுங்கள். பைத்தானில் பேபலின் பார்ஸ் டெசிமல் இதைச் செய்துவிடும். அப்புறம், பெட்டிக்குக் கீழே 'ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம்' என்று எழுத்தால் காட்டிவிடுங்கள். அடிப்பவர் பிழையை அவரே பிடித்துவிடுவார், வேறு எந்தச் சோதனையும் இதற்கு ஈடில்லை.

படி 8: எழுத்தால் எழுதுவது

இங்கேதான் தமிழ் தன் குணத்தைக் காட்டும். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலில் சொற்களை மட்டும் மாற்றினால் 'ஒன்று லட்சம் இருபது ஐந்து ஆயிரம் நான்கு நூறு ஐம்பது' என்று வரும். சிரித்துவிடுவார்கள்.

தமிழில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வடிவம் வேண்டும்: அங்கேயே முடிந்தால் ஒன்று, தொடர்ந்தால் இன்னொன்று. நூறு - நூற்று, ஆயிரம் - ஆயிரத்து, லட்சம் - லட்சத்து, கோடி - கோடியே. முன்னால் வரும் எண்ணும் மாறும். ஒன்று லட்சம் அல்ல, ஒரு லட்சம். நான்கு நூறு அல்ல, நானூறு. ஐந்து ஆயிரம் அல்ல, ஐயாயிரம். தொள்ளாயிரத்தை மட்டும் எந்த விதியிலும் அடக்க முடியாது. 900 என்பதில் ஆயிரம் என்ற சொல் ஒட்டியிருப்பதைப் பார்த்து நிரல் குழம்பாது, எழுதுபவர்தான் குழம்புவார்.

நான் விதி எழுதப் பார்த்துத் தோற்றுவிட்டு மூன்று பட்டியல் வைத்துக்கொண்டேன். 1 முதல் 99 வரை தனித்து நிற்கும் சொற்கள் ஒன்று. ஆயிரத்தோடு ஒட்டும்போது அவை எடுக்கும் வடிவம் - இரண்டாயிரம், பத்தாயிரம், இருபத்தைந்தாயிரம் - இன்னொன்று. நூறு முதல் தொள்ளாயிரம் வரை இரு வடிவத்திலும் மூன்றாவது. எண்ணைக் கோடி, லட்சம், ஆயிரம், நூறு, மீதி என்று வெட்டி, பின்னால் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். 1,25,450 என்றால் 'ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து நானூற்று ஐம்பது'. 1,25,000 என்றால் 'ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம்'.

தமிழ் இலக்கங்கள் வேண்டுமென்றால் லோகேல் குறியோடு எண்முறை நீட்டிப்பாக டாம்ல்டெக் என்று சேர்த்தால் ௧௨,௩௪,௫௬௭ என்று வரும். திருமண அழைப்பிதழுக்கு அழகு. பில்லில் போட்டால் வாங்குபவர் பாதிப்பேர் படிக்கத் திணறுவார்கள், எனக்கே ௭ எது ௯ எது என்று ஒரு கணம் ஆகும்.

படி 9: அச்சும் சோதனையும்

₹ குறி 2010 ஜூலையில் ஏற்கப்பட்டது. வடிவமைத்தவர் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த உதயகுமார். அதே ஆண்டு யூனிகோடிலும் இடம்பிடித்தது. ஆனாலும் கடைகளில் ஓடும் தெர்மல் பிரின்டர் பலவற்றின் எழுத்துருவில் இன்றைக்கும் அது இல்லை, கேள்விக்குறியோ கட்டமோதான் விழும். அந்த இடத்துக்கு 'ரூ.' என்று மாற்றிக்கொள்ள ஒரு அமைப்பு வைத்துவிடுங்கள். காபித்தூள் கடைப் பலகையில் ரூ. 1,250/- என்று எழுதுகிறார்களே, அந்த /- பின்னால் யாரும் இலக்கம் சேர்க்காமல் இருக்கப் போட்ட பூட்டு. கணினி பில்லுக்கு அது தேவையில்லை, ஆனால் சிலர் கேட்பார்கள், போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

பிரெஞ்சு எண்ணின் நடுவே இருப்பது சாதாரண இடைவெளி அல்ல என்றேன். அது வரி உடையாத குறுகிய இடைவெளி, யூனிகோட் எண் 8239. ஜெர்மன் எண்ணுக்கும் € குறிக்கும் நடுவே இருப்பது 160. சோதனையில் நீங்கள் கீபோர்டில் அடித்த இடைவெளி 32. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான், நிரலுக்கு மூன்றும் வேறு. சோதனை தோற்கும், திரையில் இரண்டு வரியும் அச்சு அசலாக ஒன்றாகவே தெரியும், பைத்தியம் பிடிக்கும். ஒப்பிடுவதற்கு முன் எல்லா இடைவெளியையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

சிஎல்டிஆர் தரவு பதிப்புக்குப் பதிப்பு சிறிது மாறும். குறிக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் இடைவெளி வரும், போகும். ஆகவே முழு எழுத்துத் தொடரை ஒப்பிடும் சோதனைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் எண்களில் 0, 999, 1000, 99999, 100000, ஒரு கோடி, ஒரு கழித்தல் எண், பாதிப் பைசாவில் நிற்கும் ஓர் எண், யென்னில் ஒன்று, குவைத் தினாரில் ஒன்று, இவை கட்டாயம் இருக்கட்டும்.

அந்த ஜெர்மன் பில் விஷயம் பாக்கி இருக்கிறது. லோகேலைச் சரிசெய்து மறு பில் அனுப்பினேன். எடை 2,450 கிலோ என்று ஜெர்மன் வழக்கப்படி அழகாக வந்தது. கடைப் பிரதியும் அதே கோப்பிலிருந்து அச்சாகும் என்பதை மறந்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி போன். "தம்பி, இப்ப நம்ம பில்லுலயே ரெண்டாயிரத்து நானூத்தம்பது கிலோன்னு போட்டிருக்கு."

இரண்டு நாட்டுக்காரர் ஒரே தாளைப் படிக்கும்போது லோகேல் கைகொடுக்காது. இப்போது ஏற்றுமதி பில்லில் எடையை கிராமில் போடுகிறேன், தசமம் இல்லை, யூஸ் குரூப்பிங் என்ற விருப்பத்தை அணைத்துவிட்டேன். 2450 கிராம். புள்ளியும் இல்லை, கமாவும் இல்லை. அதற்கப்புறம் அவரிடமிருந்து போன் வந்தது, ஆனால் அது பிரின்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டதற்கு.